எந்த விதியைச் சொல்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். வாசிக்காமல் "அருமை சேர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். திட்டுவதென்றாலும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் மலைப்பக்கம் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தால் முகநூலில் மூன்று வசனங்கள் தவறாமல் வரும். "விதி முடிஞ்சிருச்சு." "அது பலி கேக்குற வளைவு." "பிரேக் போயிருச்சாம்." இந்த மூன்றையும் எழுதிவிட்டு, அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். 2023 ஜனவரி 20, நானுஓயா ரதெல்ல வீதி: கொழும்பு மாணவர்களை ஏற்றி வந்த பஸ் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் போனார்கள். அதில் நம் ஹட்டன் பக்கத்துக் குடும்பமும் இருந்தது. 2024 டிசம்பர் 21, மல்லியப்பு: ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போன தனியார் பஸ், 3 பேர். 2025 மே 11, இறம்பொடை கெரண்டி எல்ல: கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ், 20க்கும் மேற்பட்டவர்கள். அதே வருடம் செப்டெம்பர் 4, எல்ல - வெல்லவாய வீதி, 15 பேர். நான்கு இடம், நான்கு பஸ், அதே மூன்று வசனம்.

எந்தச் சாரதி குற்றவாளி என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. அது பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை. நான் கேட்பது வேறு. "விதி" என்கிறீர்களே, எந்த விதி? தமிழில் தலைவிதிக்கும் நியூட்டனின் விதிக்கும் ஒரே சொல்தான். ஒன்று நம் கையில் இல்லை என்கிறீர்கள், சரி. மற்றது தரம் 10 விஞ்ஞானப் புத்தகத்தில், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில், உங்கள் பிள்ளையின் பையிலேயே இருக்கிறது. இயக்க விதிகள், உராய்வு, விளையுள் விசை, விசையின் திரும்பல் விளைவு, விசைச் சமநிலை என்று வரிசையாக இருக்கிறது. இந்த நாட்டில் அந்தப் பாடங்கள் யாருக்காவது கட்டாயம் தேவையென்றால் அது சரிவில் பிறந்து, சரிவில் வேலை செய்து, சரிவில் பஸ் ஏறுகிற நமக்குத்தான். அதையே நாம் மிக மோசமாகப் படிப்பிக்கிறோம். "நாம்" என்று சொல்வது ஆசிரியர் சமூகத்தை. என் மீதும் கல் எறியலாம், பரவாயில்லை.

எப்படிப் படிப்பிக்கிறோம்? "எஃப் சமன் எம்ஏ. எழுதிக்கோ. ஒரே திசையென்றால் கூட்டு, எதிர்த் திசையென்றால் கழி. எழுதிக்கோ. 2018 பேப்பர்ல வந்திருக்கு, 2021லயும் வந்திருக்கு, இந்த முறையும் வரும். எழுதிக்கோ." பிள்ளை எழுதிக்கொள்கிறது. 30 நியூட்டன் வலது பக்கம், 10 நியூட்டன் இடது பக்கம், விடை 20 நியூட்டன் வலது பக்கம். சரி போட்டாயிற்று. இனி அந்தப் பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, சாரதி பிரேக் மிதிக்கிறார், இப்போது விளையுள் விசை எந்தப் பக்கம்?" பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் "முன்பக்கம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "பஸ் முன்னாலதானே சேர் போகுது" என்பார்கள்.

பஸ் போகும் திசையை வைத்து விசையின் திசையைச் சொல்வது, கணக்கில் 20 என்று சரியாக எழுதிய அதே பிள்ளைதான். பிழை பிள்ளையுடையது அல்ல. விசை ஒரு பொருளை *நகர்த்துகிறது* என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். விசை செய்வது இயக்கத்தை *மாற்றுவது*. போய்க்கொண்டிருப்பதைக் கூட்டலாம், குறைக்கலாம், திருப்பலாம். போய்க்கொண்டிருப்பதற்கு விசை தேவையில்லை.

இதை அரிஸ்டோட்டில் பிழையாகச் சொன்னார், உலகம் பல நூறு வருடம் நம்பியது. நம் இப்னு சீனா (980–1037), எறிந்த பொருள் ஒரு நாட்டத்தைத் தன்னோடு எடுத்துப் போகிறது, எதிர்ப்பு எதுவும் இல்லாவிட்டால் அது தானாகத் தீர்ந்து போகாது என்று எழுதினார். மிலாத் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிற நாம், அவர் யோசித்த விஷயத்தை வகுப்பில் யோசிக்கவாவது விடுகிறோமா? (நியூட்டனுடைய விதிகளையே நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிற சகோதரர்களுக்கு: இல்லை. விசைக்கும் ஆர்முடுகலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காகக் கட்டிய புத்தகம் வந்தது 1687ல். உள்ளதை மட்டும் சொல்வோம், அதுவே போதிய பெருமை.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சைக்கு இல்லை, உயிருக்கு.

10,000 கிலோகிராம் திணிவுள்ள பஸ் ஒன்றை எடுங்கள். பயணிகளோடு சேர்த்து ஒரு சாதாரண பஸ் ஏறக்குறைய அவ்வளவு வரும். பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் இறங்குகிற வீதி. நம் பகுதியில் இது பெரிய இறக்கமே இல்லை. பஸ்ஸின் நிறை 100,000 நியூட்டன். அதில் பத்தில் ஒரு பங்கு, 10,000 நியூட்டன், வீதியின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. எஞ்சின் இழுக்காவிட்டாலும், சாரதி தூங்கினாலும், அந்த 10,000 ஓயாது.

சாரதி பிரேக்கை மிதிக்கிறார். பிரேக்கும் மற்ற எதிர்ப்புகளும் சேர்ந்து சரியாக 10,000 நியூட்டன் என்று வைப்போம். கீழே 10,000, மேலே 10,000. விளையுள் விசை பூச்சியம். பஸ் என்ன செய்யும்?

"நின்றுவிடும்" என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்த வசனத்தை இரண்டு முறை வாசியுங்கள். நிற்காது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்திருந்தால் 40லேயே போய்க்கொண்டிருக்கும். விளையுள் விசை பூச்சியம் என்றால் மாற்றம் பூச்சியம். வேகம் பூச்சியமாவதில்லை. சாரதியின் கால் பிரேக்கில் இருக்கிறது, ரப்பர் கருகுகிற வாசம் வருகிறது, பஸ் மட்டும் குறையவில்லை. இதைத்தான் நாம் "பிரேக் பிடிக்கல" என்கிறோம். சில நேரம் பிரேக் உண்மையிலேயே செத்திருக்கும். சில நேரம் பிரேக் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கும், சரிவும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பிரேக் ஏன் சாகிறது என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கிருந்து ஹட்டனுக்கு வரும்போது, இடையில் ஏறினாலும் இறங்கினாலும், மொத்தத்தில் சுமார் 600 மீற்றர் இறங்கியிருப்போம். அந்த 10,000 கிலோ பஸ் 600 மீற்றர் இறங்கும்போது விடுகிற சக்தி 60 மில்லியன் யூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், நம்மூர் குளிர் தண்ணீர் சுமார் 180 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். எஞ்சின், காற்று, டயர் எல்லாம் அதில் பங்கு எடுத்தால் பிரேக்குக்குப் போவது குறையும். கியரைக் குறைத்து இறங்கச் சொல்வது அதனால்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற புத்திசாலி, எஞ்சினுக்கு லீவு கொடுத்துவிட்டு அந்த வெப்பத்தைப் பிரேக் ட்ரம்மின் தலையில் கட்டுகிறார். ட்ரம் சூடாகச் சூடாக அதன் உராய்வு குறைகிறது. மேலே நோக்கிய விசை 10,000லிருந்து 9,000, 8,000 என்று இறங்குகிறது. கீழ் நோக்கிய 10,000 அப்படியே இருக்கிறது. இப்போது விளையுள் கீழ்ப்பக்கம். பஸ் ஆர்முடுகுகிறது. தரம் 10 பிள்ளை போட்ட கழித்தல் கணக்கேதான் இது. ஒரு வித்தியாசம், உள்ளே ஐம்பது பேர் இருக்கிறார்கள்.

வளைவுக்கு வருவோம். "பலி கேட்கிற வளைவு."

வளைவில் பஸ்ஸை வெளியே தள்ளுகிற விசை என்று ஒன்றும் கிடையாது. பள்ளம் யாரையும் இழுப்பதில்லை. நாம் ஆசனத்தில் வெளிப்பக்கம் சாய்வது யாரோ தள்ளுவதால் என்று நினைக்கிறோம். நம் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, அடியில் பஸ் திரும்புகிறது, அவ்வளவுதான். பஸ்ஸும் அப்படியே. அதற்குத் தெரிந்தது நேர்கோடு மட்டும். ஒவ்வொரு வளைவிலும் அதைப் பிடித்து உள்ளே திருப்ப ஒரு விசை வேண்டும். அது டயருக்கும் தார் வீதிக்கும் இடையிலான உராய்வு. அந்த விசை போதாவிட்டால் பஸ் தனக்குத் தெரிந்த நேர்கோட்டிலேயே போகும். நேர்கோடு போகிற இடத்தில் வீதி இருக்காது, தேயிலைக் காடு இருக்கும், அதற்குக் கீழே பள்ளம் இருக்கும்.

எவ்வளவு விசை வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். இது உயர்தரப் பௌதிகவியல், ஆனாலும் பெருக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். வேகம் இரண்டு மடங்கானால் தேவை நான்கு மடங்கு.

இப்போது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமான 3, 4, 5 கணக்கு. ஒன்றுக்கொன்று செங்குத்தாக 3 நியூட்டனும் 4 நியூட்டனும் தாக்கினால் விளையுள் 5 நியூட்டன். இணைகரம் கீறு, மூலைவிட்டம் கீறு, புள்ளி வாங்கு. எத்தனை ஆயிரம் தடவை கீறியிருப்போம்! இது எங்கே உதவும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. கினிகத்தேனை வளைவுகளில் உதவும்.

மழை பெய்து நனைந்த வீதியில் அந்த 10,000 கிலோ பஸ்ஸுக்கு டயர்கள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 50,000 நியூட்டன் உராய்வு கொடுக்கும் என்று வையுங்கள். 20 மீற்றர் ஆரையுள்ள வளைவு, சாய்வு கட்டாத வீதி. மணிக்கு 32 கிலோமீற்றரில் திரும்புவதற்கு மட்டும் 40,000 நியூட்டன் வேண்டும். அது வளைவின் உட்பக்கம் நோக்கியது. பிரேக் பிடிக்கும் விசை பின்னோக்கியது. இரண்டும் செங்குத்து. இரண்டையும் கொடுப்பது அதே டயர், அதே உராய்வு. இரண்டும் சேர்ந்த விளையுள் 50,000ஐத் தாண்ட முடியாது. அப்படியென்றால் பிரேக்குக்கு மிச்சம் எவ்வளவு? 10,000 இல்லை, 30,000. இதுதான் அந்த 3, 4, 5. அதில் 10,000ஐச் சரிவு தின்றுவிடும். மிச்சம் 20,000ஐ வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கலாம், சமாளிக்கலாம்.

அதே வளைவு, அதே மழை, இப்போது மணிக்கு 36 கிலோமீற்றர். நான்கே நான்கு கிலோமீற்றர் கூட. திரும்ப மட்டும் 50,000 நியூட்டன் வேண்டும். கையில் இருந்த மொத்தமும் தீர்ந்தது. பிரேக்குக்கு மிச்சம் பூச்சியம். சரிவின் 10,000ஐ எதிர்க்கக்கூட ஒன்றுமில்லை. பயந்து பிரேக்கை மிதித்தால் டயர் பிடியை விடும், திரும்புவதற்கு இருந்ததும் போகும்.

32க்கும் 36க்கும் இடையில் முள் எவ்வளவு நகரும்? யாருடைய கண்ணுக்கும் தெரியாது. "மெதுவாத்தான் வந்தேன்" என்று ஒரு சாரதி சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்க மாட்டேன். வளைவுக்கு *முன்னால்* நேர் வீதியில் பிரேக் பிடித்துவிட்டுத் திரும்பு, வளைவுக்குள் வைத்துப் பிடிக்காதே என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் இணைகரம் கீறியதில்லை. அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் இணைகரம் கீறுகிறார்கள், அது எதற்கு என்று தெரியாமல்.

உயரமான பஸ், கூரையில் மூட்டைகள், நடைபாதை முழுக்க நிற்கிற ஆட்கள் என்றால் வழுக்குவதற்கு முன்பே கவிழும். ஈர்ப்பு மையம் மேலே ஏற ஏற, அதே பக்க விசையின் திரும்பல் விளைவு கூடுகிறது. இதுவும் தரம் 10.

இவ்வளவையும் ஒரு நண்பரிடம், ரியூசன் வகுப்பு நடத்துகிறவர், சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு சேர், ஆனா இப்படி எடுத்தா சிலபஸ் முடியாது" என்றார். சிலபஸை முடித்து என்ன கண்டோம் என்று கேட்கிறேன். எந்தப் பக்கம் விசை என்று தெரியாமல் எல்லாப் பாடமும் "முடித்த" பிள்ளைக்கு என்ன முடிந்தது? 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்று நிறுத்தினார்கள். கொழுந்துக் கணக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும், கேள்வி கேட்கத் தெரியக்கூடாது என்பது அன்றைய கணக்கு. துரைமார் போய்விட்டார்கள். அந்தக் கணக்கை நம் வகுப்பறையில் நாமே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "நம்ம புள்ளைக்கு சயன்ஸ் சரிவராது சேர், ஆர்ட்ஸ்ல போடுங்க." ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். கலைப் பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பரீட்சையை வைத்து "சரிவராது" என்று முடிவெடுத்தீர்கள்? குழாயடியில் இரண்டு அக்கா தங்கச்சி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குவதைப் பாருங்கள். 10 லீற்றர் என்றால் 100 நியூட்டன். இருவரும் நெருங்கி நின்று நேராகத் தூக்கினால் ஆளுக்கு 50. விலகி நின்று, இரு கைகளுக்கும் இடையில் 120 பாகை வந்தால் ஆளுக்கு 100 நியூட்டன். ஒருவரே தனியாகத் தூக்குகிற பாரம் இருவருக்கும்! அதனால்தான் அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தோளோடு தோள் ஒட்டி நடக்கிறார்கள். பேரிங் வண்டி செய்து இறக்கத்தில் ஓட்டுகிற பையன், எந்த இடத்தில் காலை ஊன்றவேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறான். உடம்பில் இவ்வளவு பௌதிகம் இருக்கிற பிள்ளைகளைத்தான் "சரிவராது" என்கிறோம். அவர்கள் அறிந்திருப்பதற்குப் பெயர் வைத்து, எண் வைத்துக் கொடுக்கவேண்டியது எங்கள் வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

"பிள்ளைக்கு பௌதிகம் தெரிஞ்சா பஸ் விழாம நிக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய பஸ்ஸை யார் வீதிக்கு அனுமதிக்கிறார்கள், பாதுகாப்பு வேலி இல்லாத வளைவு ஏன் அப்படியே கிடக்கிறது, பதினெட்டு மணித்தியாலம் ஓட்டுகிறவரை யார் ஓட்டச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் வகுப்பறைக்கு வெளியே உள்ளவை. மீரியபெத்தையை மறந்துவிடவில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை. மண்ணைக் கீழே இழுக்கும் விசையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வும் பல காலம் சமநிலையில் இருந்தன. மழைத் தண்ணீர் இறங்கி மண்ணின் பாரத்தைக் கூட்டியது, அதே தண்ணீர் உள்ளிருந்து பிடியையும் தளர்த்தியது. லயன்கள் மண்ணுக்கடியில் போயின. அங்கே ஆபத்து இருக்கிறதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. அந்தச் சனங்களுக்குப் போக வேறு காணி கொடுக்கவில்லை. பௌதிகம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் சொல்லுங்கள், அன்றைக்கும் நாம் எழுதியது "விதி" என்றுதானே? அந்த ஒரு சொல் யாருக்கு வசதி? பஸ் முதலாளிக்கு வசதி. வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கு வசதி. காணி கொடுக்கவேண்டியவர்களுக்கு வசதி. நமக்கு மட்டும் ஜனாஸாவும் மரண வீடும். எந்த விசை, எவ்வளவு, யார் அதைக் கூட்டினார், யார் குறைக்காமல் விட்டார் என்று கேட்கத் தெரிந்த சனத்திடம் "விதி" என்று சொல்லித் தப்ப முடியாது.

என் சமூகத்துச் சகோதரர்களுக்குத் தனியாக. கண்ணாடியில் ஆயத்துல் குர்ஸி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வழுக்கை டயரில் வேன் ஓட்டுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டச் சொன்னது நம் நபி (ஸல்). கட்டுவது என்றால் டயரும் பிரேக்கும்தான். வளைவுக்கு வளைவு தேங்காய் உடைக்கிற நண்பர்களிடமும் அதைத்தான் சொல்வேன், நம் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு.

சாரதி வேகமாக ஓட்டினால் பின்னாலிருந்து விசிலடித்து வீடியோ எடுக்கிற தம்பிமாரே, அடுத்த முறை அந்த வீடியோவில் வேகமானியையும் சேர்த்து எடுங்கள். எனக்கு அனுப்புங்கள், தரம் 11க்குக் கணக்காகக் கொடுக்கிறேன்.

இனி வேலை. வரும் மாதம் முதல் சனிக்கிழமைகளில், ரியூசன் இல்லை, காசு இல்லை, தரம் 10, 11 பிள்ளைகளை வீதி ஓரம் கூட்டிப் போய்ச் சரிவு அளக்கப் போகிறோம். ஒரு மீற்றர் பலகையும் மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். வளைவின் ஆரையை ஒரு நாடாவால் அளக்கலாம். அந்தந்த வளைவுக்கு நனைந்த வீதியில் எத்தனை கிலோமீற்றர் வேகம் எல்லை என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு ஒரு படம் கீறுவார்கள். அதைத் தனியார் பஸ் சங்கத்துக்கும் டிப்போவுக்கும் பிள்ளைகளின் கையாலேயே கொடுப்போம். வாங்க மாட்டோம் என்றால் அதையும் இங்கே எழுதுகிறேன். வீதி ஓரத்தில் பிள்ளைகள் நிற்கும்போது இரண்டு பக்கமும் நிற்கப் பெரியவர்கள் வேண்டும். பெற்றோர் ஒருவராவது வராத பிள்ளையைக் கூட்டிப் போக மாட்டேன்.

தேவையானவை: ரசமட்டம் இரண்டு, நீள நாடா ஒன்று, மஞ்சள் மேலங்கி கொஞ்சம். தோட்டத்தில் கொழுந்து நிறுத்த பழைய தொங்கு தராசு ஏதாவது பாவிக்காமல் கிடந்தால் சொல்லுங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. முள் அசைந்தால் போதும்.